சின்ன ஃபியூயல் செல் கம்பெனியில் பணம் போடப் போகிறீர்களா? விலையைப் பார்க்கும் முன் பங்குகளை எண்ணுங்கள்

ஃபியூயல் செல் பங்குகளைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒன்று, ஹைட்ரஜன்தான் எதிர்காலம் என்று எங்கோ படித்தது. இன்னொன்று, "முன்பு எழுபது டாலரில் இருந்த பங்கு இப்போது இரண்டு டாலர்தான், பாதி தூரம் ஏறினால்கூடப் போதுமே" என்று தோன்ற வைக்கும் விலை வரைபடம். முதலாவதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாவதுதான் புதியவர்களின் பணத்தைத் தின்கிறது, ஏன் என்று கீழே விளக்கமாகச் சொல்கிறேன். இந்தத் துறையை எனக்குப் பிடிக்கும், அதில் பணமும் போட்டிருக்கிறேன். அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் படி: கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேட்டரிக்குள் மின்சாரம் சேமிக்கப்படுகிறது, தீர்ந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். ஃபியூயல் செல் அப்படி இல்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜனும் இன்னொரு பக்கம் காற்றும் வந்துகொண்டே இருக்கும்வரை மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், கழிவாகத் தண்ணீரும் வெப்பமும் வெளியேறும். ஒரு செல் வேலை செய்யும்போது தருவது சுமார் 0.6 முதல் 0.7 வோல்ட்தான். அதனால் நூற்றுக்கணக்கான செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அந்த அடுக்குக்குத்தான் ஸ்டேக் என்று பெயர். கம்பெனி அறிக்கைகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. வில்லியம் குரோவ் 1839 வாக்கிலேயே செய்து காட்டியது. 1960-களில் ஜெமினி, அப்பல்லோ விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. ஆக "இது வேலை செய்யுமா" என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. "லாபத்துக்கு விற்க முடியுமா" என்பதற்குத்தான் இந்தத் துறையில் பலருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நீங்கள் வாங்கப்போவது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

கம்பெனி எந்த வகை செல் செய்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பெம் (PEM, நடுவில் மெல்லிய சவ்வு வைத்த) வகை 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் இயங்கும், சட்டென்று ஓடத் தொடங்கும், அதனால் லாரி, பஸ், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஏற்றது. ஆனால் பிளாட்டினம் வேண்டும், சுத்தமான ஹைட்ரஜனும் வேண்டும். திட ஆக்சைடு வகை 600 டிகிரிக்கும் மேலே இயங்கும், சூடேற நேரமாகும், ஆனால் இயற்கை எரிவாயுவையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். உருகிய கார்பனேட் வகையும் சுமார் 650 டிகிரியில் அப்படித்தான். பணம் போடுகிறவருக்கு இதில் முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பெம் கம்பெனியின் வியாபாரம் ஹைட்ரஜன் மலிவாகக் கிடைப்பதைப் பொறுத்தது, மற்ற இரண்டும் ஏற்கெனவே இருக்கும் எரிவாயுக் குழாயிலேயே வியாபாரம் செய்ய முடியும். திட ஆக்சைடு வகை செய்யும் அமெரிக்கக் கம்பெனியான ப்ளூம் எனர்ஜி அண்மையில் டேட்டா சென்டர்களுக்கு அவ்வளவு விற்றதற்கு ஒரு காரணம் இதுதான். மின் இணைப்புக்காக வருடக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள் எரிவாயுவில் ஓடும் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஹைட்ரஜன் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருக்கும் ஆற்றல் சுமார் 33 யூனிட். தண்ணீரைப் பிரித்து அந்த ஒரு கிலோவைத் தயாரிக்க 50 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் போகிறது. திரும்ப ஃபியூயல் செல்லில் போட்டால் அதில் பாதிதான், அதாவது 16, 17 யூனிட்தான், மின்சாரமாகக் கிடைக்கும். நடுவில் அழுத்திச் சேமிக்க, அல்லது மைனஸ் 253 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கொண்டுபோக ஆகும் செலவு தனி. எனவே பேட்டரியால் சுலபமாகச் செய்ய முடிகிற வேலையில் ஹைட்ரஜன் போட்டி போட்டுத் தோற்கும். எடை, நேரம், தொடர்ந்து ஓட வேண்டிய கட்டாயம் இவை பேட்டரிக்கு இடைஞ்சலாக இருக்கும் இடத்தில்தான் அதற்கு வாய்ப்பு. உங்கள் கம்பெனி விற்கும் பொருள் இதில் எந்தப் பக்கம் என்று இரண்டு வரியில் எழுத முடியவில்லை என்றால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: கையில் எவ்வளவு பணம், எத்தனை மாதம் தாங்கும்

அமெரிக்கச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் அதன் அறிக்கைகள் எல்லாம் அங்குள்ள பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் எட்கார் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆண்டறிக்கைக்கு 10-கே என்று பெயர், காலாண்டறிக்கைக்கு 10-கியூ, திடீர் நிகழ்வுகளுக்கு 8-கே. நூற்றுக்கணக்கான பக்கம் பார்த்து மலைக்க வேண்டாம், முதலில் பணப்புழக்க அறிக்கை என்ற ஒரு அட்டவணை போதும்.

அதில் மூன்று வரி. தொழிலை நடத்தியதில் வெளியேறிய பணம், இயந்திரமும் கட்டடமும் வாங்கியதில் போன பணம், கடைசியில் மிச்சமிருக்கும் கையிருப்பு. ஓராண்டில் தொழில் நடத்த 8 கோடி டாலர் போயிருக்கிறது, இயந்திரத்துக்கு 2 கோடி, கையிருப்பு 12 கோடி என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு சுமார் 83 லட்சம் கரைகிறது, அப்படியானால் 14 மாதம் கொஞ்சச் சொச்சம். ஒன்றரை வருடத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப் பணம் தேடும் அறிவிப்பு வரப்போகிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நிர்வாகமும் கடைசி மாதம் வரை காத்திருக்காது, காத்திருக்கவும் கூடாது.

கையிருப்பைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில கம்பெனிகள் முடக்கப்பட்ட பணத்தையும் சேர்த்துப் பெரிய தொகையாகச் சொல்லும். குத்தகைக்கோ உத்தரவாதத்துக்கோ வங்கியில் பூட்டி வைத்த அந்தப் பணத்தை எடுத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

தணிக்கையாளரோ நிர்வாகமோ "தொடர்ந்து இயங்க முடியுமா என்பதில் கணிசமான ஐயம்" என்று எழுதியிருக்கிறார்களா என்றும் தேடுங்கள். 2023 நவம்பரில் பெம் வகை செய்யும் அமெரிக்கக் கம்பெனியான பிளக் பவர் இந்த எச்சரிக்கையை வெளியிட்டது, மறுநாள் பங்கு சுமார் 40 சதவீதம் சரிந்தது. 2024 ஜனவரியில் 100 கோடி டாலர் வரை புதுப் பங்குகளைச் சந்தையிலேயே விற்க ஏற்பாடு செய்தார்கள். கம்பெனி மூடப்படவில்லை. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள்.

மூன்றாம் படி: பங்குகளை எண்ணுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி, மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஒரு கம்பெனிக்கு 10 கோடி பங்குகள், ஒன்றின் விலை 2 டாலர். சந்தை அந்தக் கம்பெனிக்குப் போடும் மொத்த மதிப்பு 20 கோடி டாலர். உங்களிடம் ஆயிரம் பங்குகள். கம்பெனி வருடத்துக்கு 6 கோடி டாலர் கரைக்கிறது, பணம் வேண்டும், எனவே 5 கோடி புதுப் பங்குகளை 1.60 டாலருக்கு விற்கிறது. 8 கோடி டாலர் வருகிறது, ஒரு வருடம் நாலு மாதத்தில் அது தீர்ந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் சந்தை மறுபடி அதே 20 கோடி மதிப்பைத்தான் போடுகிறது என்றால், இப்போது இருப்பது 15 கோடி பங்குகள், ஒன்றின் விலை 1.33. தொழிற்சாலை ஓடுகிறது, ஆர்டர்கூடக் கூடியிருக்கலாம், கம்பெனியின் மதிப்பும் குறையவில்லை. உங்கள் ஆயிரம் பங்கின் மதிப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதைத்தான் பங்கு நீர்த்துப்போவது என்கிறார்கள்.

பிளக் பவரிடம் 2019 முடிவில் 30 கோடிக்குச் சற்று அதிகமான பங்குகள் இருந்தன. 2025-ல் அது 100 கோடியைத் தாண்டிவிட்டது. 2021 ஜனவரியில் 70 டாலரைத் தாண்டிய பங்கு 2025-ல் ஒரு டாலருக்கும் கீழே வந்தது. இன்று வரைபடத்தைப் பார்த்து "பழைய விலைக்குத் திரும்பும்" என்று நினைக்கிறவர், அந்த உச்சத்தின்போது இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்ட பங்குகளை வைத்துப் பழைய விலையைக் கேட்கிறார். அதற்குக் கம்பெனி அன்றைய உச்சத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் மதிப்புள்ளதாக ஆக வேண்டும்.

எண்ணுவது சுலபம். 10-கே, 10-கியூ இரண்டின் முதல் பக்கத்திலும் அன்றைய தேதியில் எத்தனை பங்குகள் என்று இருக்கும். கடந்த ஐந்து வருடத்தின் எண்ணை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பக்கத்திலேயே அந்தந்த வருட விற்பனையையும் எழுதுங்கள். விற்பனையைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பங்குக்கு எவ்வளவு விற்பனை என்று பார்த்துவிட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும். மொத்த விற்பனை இரட்டிப்பானது என்று தலைப்புச் செய்தி சொல்லும், உங்கள் பங்குக்கு உரிய விற்பனை அங்கேயே நின்றிருக்கும். அப்புறம் வாரண்ட்டுகள், ஊழியர்களுக்கான பங்கு உரிமைகள், பங்காக மாறக்கூடிய கடன் பத்திரங்கள், இவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். இன்று பங்காக இல்லை என்றாலும் நாளைக்கு வந்து வரிசையில் நிற்பவை.

வாரண்ட் என்பது குறிப்பிட்ட விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. பெரிய வாடிக்கையாளரைப் பிடிக்க அதைக் கொடுப்பதும் உண்டு. பிளக் பவர் 2017-ல் அமேசானுக்கும் வால்மார்ட்டுக்கும் கொடுத்தது. அந்தச் செலவை விற்பனையிலிருந்து கழிக்க வேண்டியிருந்ததால் 2020-ம் ஆண்டின் மொத்த வருவாயே ஒன்பது கோடி டாலருக்கும் மேல் மைனஸில் போனது. வருவாயே மைனஸ். இப்படியும் நடக்கும் என்று தெரிந்திருந்தால் "பெரிய வாடிக்கையாளர் வந்துவிட்டார்" என்ற செய்தியைக் கேட்டதும் "எதைக் கொடுத்து அழைத்து வந்தார்கள்" என்று கேட்கத் தோன்றும்.

எஸ்-3 என்ற பெயரில் ஒரு தாக்கல் வந்தால், வரும் மூன்று வருடங்களில் எப்போது வேண்டுமானாலும் புதுப் பங்கு விற்கக் கம்பெனி அனுமதி வாங்கி வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். கெட்ட செய்தி என்று பதற வேண்டாம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். புதுப் பங்கு விற்பதே தவறு என்றும் சொல்ல மாட்டேன். கனடாவின் ஃபியூயல் செல் கம்பெனியான பல்லார்ட் பவர் 2020, 2021-ல் விலை உச்சத்தில் இருந்தபோது விற்றுப் பணம் திரட்டியது. 2021 முடிவில் சுமார் 110 கோடி டாலர் கையிருப்பு, 2024 முடிவிலும் சுமார் 60 கோடி மிச்சமிருந்தது. விலை நன்றாக இருக்கும்போது கொஞ்சம் பங்கு விற்று நிறையப் பணம் வாங்கிய நிர்வாகத்துக்கும், விலை தரையில் கிடக்கும்போது நிறையப் பங்கு விற்றுக் கொஞ்சம் பணம் வாங்கும் நிர்வாகத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ரிவர்ஸ் ஸ்பிளிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்

அமெரிக்கப் பங்குச்சந்தைகளில் ஒன்றான நாஸ்டாக்கில் ஒரு பங்கு தொடர்ந்து 30 வர்த்தக நாட்கள் ஒரு டாலருக்குக் கீழே இருந்தால் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். சரிசெய்யப் பொதுவாக 180 நாள் அவகாசம். அதைச் சமாளிக்கப் பல பங்குகளை ஒன்றாகச் சேர்த்து விலையை உயர்த்திக் காட்டுவதுதான் ரிவர்ஸ் ஸ்பிளிட்.

உருகிய கார்பனேட் வகை செய்யும் ஃபியூயல்செல் எனர்ஜி கம்பெனி 2015 டிசம்பரில் 12 பங்கை ஒன்றாக்கியது. 2019 மே மாதத்தில் மறுபடி 12-ஐ ஒன்றாக்கியது. 2024 நவம்பரில் 30-ஐ ஒன்றாக்கியது. பெருக்கிப் பாருங்கள்: 12 முறை 12, அது 144, அதை 30-ஆல் பெருக்கினால் 4,320. முதல் ஸ்பிளிட்டுக்கு முன் 4,320 பங்கு வைத்திருந்தவரிடம் இன்று இருப்பது ஒரே ஒரு பங்கு. சேர்ப்பதால் மட்டும் பணம் போய்விடுவதில்லை, 12 பங்கு ஒன்றானால் விலையும் அன்றைக்குப் பன்னிரண்டு மடங்காகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் விலை ஒரு டாலருக்கு அருகில் விழும் அளவுக்கு என்ன நடந்தது, சேர்த்த பிறகு மறுபடி எத்தனை புதுப் பங்கு அச்சாகி வந்தது என்பதில்தான் கதை இருக்கிறது.

இதில் எனக்கு மனம் கனக்கும் விஷயம், அந்தக் கம்பெனியின் கருவிகள் நிஜமானவை. தென்கொரியாவின் ஹ்வாசோங்கில் அவர்கள் தொழில்நுட்பத்தில் 59 மெகாவாட் நிலையமே ஒன்று கட்டப்பட்டது, 2.8 மெகாவாட் அலகுகள் 21. அவ்வளவு பெரிய நிலையத்தை ஓட வைத்த தொழில்நுட்பம் பங்குதாரருக்குக் காசு தரவில்லை. தொழில்நுட்பத்தை நம்புவது வேறு, பங்கை வாங்குவது வேறு.

விலை வரைபடத்துக்கு இன்னொரு எச்சரிக்கை: பழைய விலைகளை ஸ்பிளிட்டுக்கு ஏற்ப மாற்றித்தான் காட்டுவார்கள். ஒரு காலத்தில் பல்லாயிரம் டாலரில் விற்றது போலத் தெரியும். அந்த விலையில் யாரும் ஒரு பங்கும் வாங்கியதில்லை.

நான்காம் படி: அறிவிப்பை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்

சின்னக் கம்பெனிகளின் பங்கு அறிவிப்புகளில்தான் துள்ளும். "உலகின் முன்னணி நிறுவனம் ஒன்றுடன் 100 மெகாவாட் வரை வழங்குவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம்" என்று வருகிறது என்று வையுங்கள். "முன்னணி நிறுவனம்" என்றால் பெயர் சொல்லவில்லை. "வரை" என்றால் பூஜ்யமும் அதற்குள் அடங்கும். "புரிந்துணர்வு" என்றால் பொதுவாக யாரையும் கட்டுப்படுத்தாது. தொகை இல்லை, தேதி இல்லை, முன்பணம் பற்றிப் பேச்சே இல்லை. உறுதியான கொள்முதல் ஆணை என்றால் அளவும் காலமும் இருக்கும்.

நல்ல அறிவிப்பிலும் இந்த இடைவெளி உண்டு. 2024 நவம்பரில் ப்ளூம் எனர்ஜிக்கும் அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர் என்ற மின்சாரக் கம்பெனிக்கும் நடந்த ஒப்பந்தம் 1 கிகாவாட் வரை, ஆனால் அன்று உறுதியாகக் கொடுத்த ஆர்டர் 100 மெகாவாட். பத்தில் ஒரு பங்கு. அது பெரிய ஆர்டர்தான், ஆனால் எழுதிக்கொள்ள வேண்டிய எண் 100, ஆயிரம் அல்ல.

என் முதல் கொள்முதலே இப்படி ஓர் அறிவிப்பைப் படித்துத்தான் நடந்தது. காலையில் செய்தி, பங்கு முப்பது சதவீதம் மேலே, நானும் வாங்கினேன். மூன்றாம் நாள் சந்தை மூடிய பிறகு அதே கம்பெனி புதுப் பங்கு வெளியீட்டை அறிவித்தது, அடுத்த காலை நான் வாங்கிய விலைக்கு வெகு கீழே திறந்தது. கையிருப்புக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் அந்த வெளியீடு வரும் என்பது பணப்புழக்க அட்டவணையிலேயே தெரிந்திருக்கும்.

பொய் சொல்கிறவர்களும் இந்தத் துறையில் இருந்தார்கள். ஹைட்ரஜன் லாரி செய்வதாகச் சொன்ன நிகோலா கம்பெனியின் லாரி தன் சொந்த சக்தியில் ஓடுவது போல வெளியிட்ட வீடியோவில் அது சரிவில் உருண்டு வந்தது. அந்தக் குற்றச்சாட்டு 2020 செப்டம்பரில் வெளிவந்தது, 2025 பிப்ரவரியில் கம்பெனி திவால் மனு போட்டது. கருவி வாடிக்கையாளரின் இடத்தில் ஓடுகிறது என்று அந்த வாடிக்கையாளரே சொல்லிக் கேட்கும்வரை விளம்பர வீடியோவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஒரு கருவி விற்றால் மிஞ்சுகிறதா

வருமான அறிக்கையில் விற்பனைக்குக் கீழே விற்ற பொருளின் அடக்கச் செலவு இருக்கும். விற்பனையிலிருந்து அதைக் கழித்தால் மொத்த லாபம். பல ஃபியூயல் செல் கம்பெனிகளில் அதுவே மைனஸில் இருக்கும், அதாவது அதிகம் விற்றால் நஷ்டமும் அதிகம். பிளக் பவர் 2023-ல் விற்றது சுமார் 89 கோடி டாலர், நிகர நஷ்டம் சுமார் 137 கோடி. பொருள், சேவை, எரிபொருள் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் சேவைக்கான கணக்கைக் கட்டாயம் பாருங்கள். பல வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தை விலை குறைத்துப் போட்டுவிட்டு, ஸ்டேக் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்து மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தால் நஷ்டம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை காருக்கு 8,000 மணி நேரமும், கனரக லாரிக்கு 2030-க்குள் 25,000 மணி நேரமும் ஸ்டேக் உழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. உங்கள் கம்பெனியின் ஸ்டேக் களத்தில் எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள்.

பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கும் வாடிக்கையாளர்கள் யார் என்பதும் ஆண்டறிக்கையில் இருக்கும். ஒருவரே பாதி வாங்கினால் அவர் மனம் மாறும் நாள்தான் உங்கள் பெரிய அபாயம். உரிமம் கொடுத்துச் சம்பாதிக்கும் கம்பெனிக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தின் செரெஸ் பவர் தானே பெருமளவில் தயாரிக்காமல் தொழில்நுட்பத்தை உரிமத்துக்குக் கொடுக்கிறது, அதனால் தொழிற்சாலைச் செலவு குறைவு. ஆனால் 2025 தொடக்கத்தில் பாஷ் நிறுவனம் கூட்டு முயற்சியை நிறுத்துவதாகச் சொன்னபோது பங்கு பலமாக அடி வாங்கியது. கூட்டாளி விலகினால் தாங்குமா என்று கேளுங்கள். அரசு மானியம், வரிச்சலுகை இவையும் அப்படித்தான். அமெரிக்கா 2022 சட்டத்தில் சுத்தமான ஹைட்ரஜனுக்குக் கிலோவுக்கு 3 டாலர் வரை சலுகை கொடுத்தது, 2025-ல் அதன் காலத்தைச் சுருக்கியது. சலுகை இல்லாமல் கணக்கு நிற்கிறதா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: வாங்கும்போது

முழுவதும் போனாலும் வாழ்க்கை தடுமாறாத தொகை மட்டும். கடன் வாங்கி வேண்டவே வேண்டாம். லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன் என்று நீங்களே விலை குறிப்பது) போடுங்கள், ஏனென்றால் சின்னப் பங்குகளில் வாங்குபவர் கேட்பதற்கும் விற்பவர் கேட்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும், கிடைக்கிற விலைக்கே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் அந்த இடைவெளி உங்கள் தலையில் விழும். அறிவிப்பு வந்த அன்று வாங்காதீர்கள். மொத்தத் தொகையை மூன்று நான்காகப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டு அறிக்கையையும் படித்த பிறகு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

பொறுமைக்கும் இடமுண்டு என்பதற்கு ப்ளூம் எனர்ஜியையே சொல்லலாம். 2018 ஜூலையில் 15 டாலருக்குச் சந்தைக்கு வந்தது, 2019-ல் 3 டாலருக்கும் கீழே போனது, 2025 அக்டோபரில் 100-ஐத் தாண்டியது. நடுவில் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட வேண்டியும் வந்தது. ஏழு வருடம் யார் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்? எதற்காக வாங்கினோம் என்று எழுதி வைத்து, அது இன்னும் உண்மையா என்று ஒவ்வொரு காலாண்டும் சரிபார்த்தவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு அதிகம்.

எனவே வாங்கும் அன்றே ஒரு தாளில் நான்கு எண்களைத் தேதியோடு எழுதுங்கள்: பங்குகளின் எண்ணிக்கை, முடக்கப்படாத கையிருப்பு, ஒரு காலாண்டில் கரையும் பணம், மொத்த லாப சதவீதம். அதற்குக் கீழே "எது நடந்தால் விற்பேன்" என்று இரண்டு வரி. உதாரணமாக, பங்கு எண்ணிக்கை ஒரு வருடத்தில் கால் பங்குக்கு மேல் கூடினால், அல்லது மொத்த லாபம் தொடர்ந்து நான்கு காலாண்டு மோசமானால். அடுத்த காலாண்டறிக்கை வரும் நாளில் தலைப்புச் செய்தியைத் திறக்கும் முன் 10-கியூவின் முதல் பக்கத்தைத் திறந்து, புதுப் பங்கு எண்ணிக்கையைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.